மேகத்துக்குள் ஏறுவதற்கு முன்: ஐஎஃப்ஆர் புறப்பாட்டில் புதியவர்கள் சறுக்கும் இடங்கள்

பிபிஎல் எனும் தனியார் விமானி உரிமம் வாங்கியாயிற்று, அடுத்து ஐஎஃப்ஆர் எனும் கருவிப் பறப்பு விதிகளின்படி பறக்க அனுமதிக்கும் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் எடுக்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வெளியே ஒன்றும் தெரியாதபோது கருவிகளை மட்டும் நம்பி ஓடுபாதையிலிருந்து கிளம்பி, வரைபடத்தில் சொன்ன வழியே ஏறி, வான்வழித்தடத்தில் போய்ச் சேர்வதுதான் இன்ஸ்ட்ருமென்ட் புறப்பாடு. தரையிறங்கும் அப்ரோச் பற்றி எல்லாரும் மணிக்கணக்கில் பேசுவார்கள். பயிற்சி நேரத்தில் பெரும்பகுதியும் அதற்கே போய்விடும். புறப்பாட்டை மட்டும் "ஏறினால் சரி" என்று விட்டுவிடுவார்கள்.

சிங்கப்பூரில் இதைப் பழகுவதற்கு இடம் குறைவு. சிலேத்தார் விமான நிலையத்தில் சிறு விமானங்கள் பெரும்பாலும் கண்பார்வை விதிகளின்படிதான் பறக்கின்றன. ஒரு பக்கம் சாங்கி, இன்னொரு பக்கம் பாய லேபார், தெங்கா விமானப்படைத் தளங்கள், ஜலசந்தியைத் தாண்டினால் மலேசியா. இவ்வளவு நெருக்கடிக்குள் ஒரு செஸ்னா நினைத்த நேரத்தில் கருவிப் புறப்பாடு பழக முடியாது. அதனால் பலர் கடற்பாலம் தாண்டிப் போகிறார்கள், இல்லையென்றால் விடுப்பு எடுத்து ஆஸ்திரேலியா போகிறார்கள். மற்றவர்களுக்கு வீவக வீட்டு அறையில் ஒரு சிமுலேட்டர்.

இங்கே ஒரு கருவி நடைமுறை எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிய வேண்டுமா? 2019ஐ நினைத்துப் பாருங்கள். சிலேத்தாரில் ஐஎல்எஸ் தரையிறக்க முறையைக் கொண்டுவரப் போனபோது, ஜொகூரின் பாசிர் கூடாங்கில் கட்டட உயரங்கள் பாதிக்கப்படும் என்று மலேசியா எதிர்த்தது. கடைசியில் ஏப்ரலில் சிங்கப்பூர் அதை மீட்டுக்கொண்டது, அதற்குப் பதிலாக ஜிபிஎஸ் அடிப்படையிலான முறை என்று முடிவானது. வரைபடத்தில் ஒரு கோடு என்றால் அதற்குக் கீழே எவ்வளவு உயரம் வரை எதுவும் எழக்கூடாது என்ற கணக்கும் சேர்ந்தே வருகிறது. விமானி அதை மறந்துவிடக் கூடாது.

புறப்பாட்டில் காற்றில் நடக்கும் பிழைகளில் பெரும்பாலானவை இன்ஜினைக் கிளப்புவதற்கு முன்பே உட்கார்ந்துவிட்டவை. 75 நாட் (மணிக்கு 75 கடல்மைல்) வேகத்தில் நிமிடத்துக்கு 700 அடி ஏறும் விமானம் 500 அடியைத் தொட முக்கால் நிமிடம்கூட எடுக்காது. அந்த முக்கால் நிமிடத்தில் புதிதாக எதையும் யோசிக்க முடியாது, ஏற்கெனவே யோசித்து வைத்ததைச் செய்ய மட்டும்தான் முடியும். அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் தரையிலேயே நடக்கிறது.

முதல் நாள் இரவு: வரைபடமும் கணக்கும்

எஸ்ஐடி எனப்படும் புறப்பாட்டு வரைபடத்தை எடுத்ததும் புதியவர் கண் கோட்டின் மேல் போகும். முதலில் ஓரத்தில் உள்ள சின்ன எழுத்துகளைப் படியுங்கள். எந்த ஓடுபாதைக்கு, எவ்வளவு ஏறுசரிவு (எவ்வளவு தூரத்துக்கு எவ்வளவு உயரம் ஏற வேண்டும்), எந்த வேகத்துக்குள், எந்தக் கருவி கட்டாயம் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும்.

ஏறுசரிவு என்று தனியாக எதுவும் போடவில்லை என்றால் 3.3 சதவீதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். கடல்மைலுக்கு ஏறத்தாழ 200 அடி. இதை நம் கருவி காட்டும் நிமிடக் கணக்குக்கு மாற்றுவது சுலபம்: கடல்மைலுக்கு எத்தனை அடி என்பதைத் தரைவேகத்தால் பெருக்கி 60ஆல் வகுங்கள். தரைவேகம் 90 நாட் என்றால் நிமிடத்துக்கு 300 அடி. அவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் எல்லா வரைபடமும் இவ்வளவு தாராளமாக இருக்காது.

விளக்கத்துக்காக நானே ஒன்றைக் கற்பனை செய்கிறேன் (எங்கேயும் போய்ப் பறந்துவிடாதீர்கள்). ஓடுபாதை 03. அதன் தடத்திலேயே 500 அடி வரை ஏற வேண்டும். பிறகு வலப்பக்கம் திரும்பி 080 ஹெடிங் (மூக்கை வைக்க வேண்டிய திசை, பாகையில்). விமான நிலையத்திலேயே இருக்கும் விஓஆர் எனும் திசைகாட்டும் வானொலிக் கருவியின் 045 ரேடியலை (அங்கிருந்து 045 பாகையில் வெளியே போகும் கோடு) பிடித்து வெளியே போக வேண்டும். 10 டிஎம்ஈயில் (அதாவது அங்கிருந்து 10 கடல்மைல் தூரத்தில்) 3,000 அடி அல்லது அதற்கு மேல். பிறகு 4,000 அடியில் நிற்க வேண்டும்.

10 மைலுக்குள் 3,000 அடி என்றால் மைலுக்கு 300 அடி, அதாவது ஏறத்தாழ 5 சதவீதம். தரைவேகம் 85 நாட் என்றால் நிமிடத்துக்கு 425 அடி. மேலே பின்காற்று 10 நாட் இருந்தால் 475. செஸ்னா 172க்கு இது பெரிய விஷயமா என்று கேட்பீர்கள். குளிர்ந்த காலையில் இல்லை. ஆனால் நம் பக்கம் மதியம் 31 பாகை. கடல்மட்டத்தில் நிற்கும் விமானம் ஏறக்குறைய 2,000 அடியில் நிற்பதுபோலத்தான் நடந்துகொள்ளும். 3,000 அடிக்கு ஏறும்போது அது 5,000 அடிக் காற்றில் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். இரண்டு பெரியவர்கள், பின்னால் ஒரு பை, நிறைந்த டாங்கி, வயதான இன்ஜின் எல்லாம் சேர்ந்தால் கையேட்டில் பார்த்த எண் கைக்கு வராது. முதல் 1,000 அடி ஜோராக ஏறும், அதற்கப்புறம் மூச்சு வாங்கும். ஆகவே கணக்கை ஓடுபாதை மட்டத்துக்கு மட்டும் போடாமல் கட்டுப்பாடு முடியும் உயரத்துக்கும் போட்டுப் பாருங்கள். இடிக்கிறது என்றால் எடையைக் குறையுங்கள், காலையில் கிளம்புங்கள், அல்லது வேறு புறப்பாடு கேளுங்கள். "எப்படியும் ஏறிவிடும்" என்பதைக் கணக்கில் சேர்க்க முடியாது.

25 மைல் வட்டத்துக்கான எம்எஸ்ஏ எனும் குறைந்தபட்சப் பாதுகாப்பு உயரத்தையும் பெரிய எழுத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த வட்டத்துக்குள் எல்லாத் தடைகளுக்கும் மேல் 1,000 அடி இடைவெளி தரும் எண் அது. வழி தவறிவிட்டோம் என்று தோன்றும்போது மனம் முதலில் தேடுவது அதைத்தான்.

கிளியரன்ஸ்: எதிர்பார்த்தது காதில் விழும்

கட்டுப்பாட்டாளர் வானொலியில் தரும் அனுமதிதான் கிளியரன்ஸ். அதை எழுதுவதற்கு ஐந்து வரிகள் முன்கூட்டியே தாளில் தயாராக இருக்க வேண்டும்: எதுவரை, எந்த வழி, எந்த உயரம், அடுத்த அலைவரிசை, ஸ்குவாக் (ரேடாரில் நம்மை அடையாளம் காட்டும் எண்). மேலே சொன்ன கற்பனைப் புறப்பாட்டை என் முழங்கால் பலகையில் இப்படி எழுதுவேன்:

03 | 500 → வ 080 | 045 வெளியே | 10/3000+ | 4000

ஒரே வரி. தலையைக் குனியாமல் கண்ணை மட்டும் தாழ்த்திப் பார்க்கிற அளவுக்குப் பெரிய எழுத்து.

இங்கே நடக்கும் பெரிய தவறு, வரைபடத்தில் படித்ததையே காதும் கேட்பது. வரைபடம் 4,000 என்கிறது, கட்டுப்பாட்டாளர் 3,000 என்கிறார், நாம் 3,000 என்று திருப்பிச் சொல்லிவிட்டு 4,000ஐ அலாரத்தில் போடுகிறோம். ரீட்பேக் சரியாக இருந்ததால் அவருக்கும் சந்தேகம் வராது. இதற்கு ஒரே வழி, திருப்பிச் சொல்லும்போதே கை அந்த எண்ணைத் திருக வேண்டும். உயரம் சொல்லும்போது உயரத் திருகி, ஸ்குவாக் சொல்லும்போது அந்த எண்ணை அனுப்பும் டிரான்ஸ்பாண்டர். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றால் அந்த அப்புறம் வராது.

ரன்வே ஹெடிங், ரன்வே டிராக் இரண்டையும் குழப்பிக்கொள்பவர்களும் நிறைய. ஹெடிங் என்று சொன்னால் மூக்கை அந்தத் திசையில் வைத்துவிட்டு, காற்று தள்ளும் பக்கம் தள்ளட்டும் என்று விட்டுவிட வேண்டும். டிராக் என்றால் காற்றுக்கு ஈடுகொடுத்து, தரையில் அந்தக் கோட்டின் மேலேயே போக வேண்டும். அடுத்த ஓடுபாதையிலிருந்து இன்னொரு விமானம் கிளம்பும் இடத்தில் இந்த வித்தியாசம் சாதாரண விஷயமில்லை.

கருவிகளை அமைப்பது

ஜிபிஎஸ்ஸில் புறப்பாட்டை ஏற்றும்போது அது ஓடுபாதையையும் கேட்கும். பெயர் ஒன்றாகவே இருந்தாலும் 03க்கு ஒரு வழி, எதிர்முனையான 21க்கு வேறு வழி. காற்று மாறி, ஓடுபாதை முனையில் நிற்கும்போது "21 பயன்படுத்துங்கள்" என்று சொன்னால் புதியவர்கள் விமானத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள், பெட்டிக்குள் இருக்கும் வழி 03க்கானதாகவே கிடக்கும். அந்த நேரத்தில் வெட்கப்படாமல் இரண்டு நிமிடம் கேளுங்கள். கொடுப்பார்கள். ஏற்றிய பிறகு ஒவ்வொரு புள்ளியின் பெயர், திசை, தூரம் மூன்றையும் காகித வரைபடத்தோடு விரல் வைத்து ஒப்பிடுங்கள். தரவுத்தளம் 28 நாளுக்கு ஒருமுறை மாறுவது. வாடகை விமானத்தில் அது எந்தச் சுழற்சியில் நிற்கிறது என்று பார்க்காமல் நம்பக் கூடாது.

என் கணக்கில் இந்தப் பட்டியலிலேயே மோசமானது, கோட்டிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறோம் என்று காட்டும் சிடிஐ ஊசி. ஊசி ஜிபிஎஸ்ஸைப் பார்க்கிறதா, விஓஆரைப் பார்க்கிறதா என்று ஒரு சின்னப் பொத்தான்தான் தீர்மானிக்கிறது. 045 ரேடியலுக்காகக் காத்திருக்கிறோம், ஊசியோ ஜிபிஎஸ்ஸின் அடுத்த புள்ளியைக் காட்டி அழகாக நடுவில் நிற்கிறது. "பிடித்துவிட்டோம்" என்று நினைத்து அப்படியே போய்க்கொண்டிருப்போம். திரை உள்ள விமானங்களில் ஜிபிஎஸ் மெஜன்டா நிறம், விஓஆர் பச்சை. பழைய பெட்டிகளில் ஒரு மூலையில் எழுத்து மட்டும் எரியும். ஓடுபாதையில் ஏறுவதற்கு முன் வாய்விட்டுச் சொல்லுங்கள்: "ஊசி பச்சை, விஓஆர், அடையாளம் கேட்டாயிற்று, 045." மோர்ஸ் ஒலியைக் கேட்காமல் எந்த விஓஆரையும் நம்ப வேண்டாம்.

ஆல்டிமீட்டர் எனும் உயரமானியில் கியூஎன்ஹெச், அதாவது கடல்மட்டத்துக்குக் கணக்கிட்ட அப்போதைய காற்றழுத்தம். நம் பக்கத்தில் காற்றழுத்தம் அதிகம் மாறாது என்று ஒரு அலட்சியம் உண்டு. புயல் வராத ஊர்தான், ஆனால் தினமும் காலை பத்து மணியளவில் ஏறி மாலை நான்கு மணியளவில் இறங்கும் ஒரு தாளம் இங்கே உண்டு. மூன்று நான்கு ஹெக்டோபாஸ்கல் வித்தியாசம் என்றால் 100 அடி. காலையில் போட்ட எண்ணோடு மாலையில் கிளம்பினால் அந்த 100 அடியும் கூடவே வரும். எண்ணைப் போட்ட பிறகு கருவி நிலைய உயரத்தைக் காட்டுகிறதா என்று பாருங்கள். அமெரிக்க வழக்கப்படி 75 அடிக்கு மேல் விலகினால் அந்தக் கருவியோடு மேகத்துக்குள் போவதில்லை.

சிமுலேட்டரிலிருந்து வருபவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு: 18,000 அடியில் ஆல்டிமீட்டரை 1013 என்ற பொது அழுத்தத்துக்கு மாற்றுவது அமெரிக்கப் பழக்கம். சிங்கப்பூரில் அப்படி மாற்றும் உயரம், அதாவது டிரான்சிஷன் ஆல்டிட்யூட், 11,000 அடி.

டாக்ஸி போகும்போது

டாக்ஸி போவதைச் சும்மா உருட்டிக்கொண்டு போகும் நேரமாக நினைக்காதீர்கள். இடப்பக்கம் திரும்பும்போது திசைகாட்டியும் ஹெடிங் கருவியும் குறைய வேண்டும், திருப்பத்தைக் காட்டும் டர்ன் கருவி இடம் காட்ட வேண்டும், அதிலுள்ள பந்து வலப்பக்கம் போக வேண்டும், செயற்கை அடிவானம் மட்டமாக நிற்க வேண்டும். வலப்பக்கம் திரும்பும்போது எல்லாம் எதிர்மாறாக. வாக்குவம் பம்பால் சுழலும் பழைய அடிவானக் கருவி எழுந்து நிற்க ஐந்து நிமிடம் வரை ஆகலாம். அதற்குப் பிறகும் சாய்ந்தே இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். ஹெடிங் கருவியை ஓடுபாதையில் நேராக நின்ற பிறகு இன்னொரு முறை சரிபாருங்கள். பத்து பாகை தள்ளி நின்றால், போகும் வழி முழுக்க பத்து பாகை தள்ளியே போவீர்கள்.

இதற்கு ஏன் இவ்வளவு அழுத்தம் என்றால், 1978 ஜனவரி 1 இரவு பம்பாயிலிருந்து துபாய்க்குக் கிளம்பிய ஏர் இந்தியா 855. புறப்பட்டு வலப்பக்கம் திரும்பிய பிறகு, கேப்டன் பக்கத்து அடிவானக் கருவி வலப்பக்கச் சாய்விலேயே நின்றுவிட்டது. கீழே இருட்டான அரபிக்கடல், பார்க்க அடிவானம் கிடையாது. அவர் அந்தச் சாய்வைச் சரிசெய்வதாக நினைத்து இடப்பக்கம் திருப்பிக்கொண்டே போனார். விமானத்தில் வேறு அடிவானக் கருவிகளும் இருந்தன. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, 213 பேர் போனார்கள். போயிங் 747, மிக அனுபவமுள்ள கேப்டன். நம்மிடம் இருப்பதோ ஒரே ஒரு அடிவானக் கருவி, பக்கத்தில் ஒரு டர்ன் கருவி. இரண்டும் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்று பார்ப்பதைப் புறப்பாட்டின் முதல் நிமிடத்தில் நிறுத்தவே கூடாது.

ஓடுபாதைக்கு முன் அரை நிமிடம்

முனையில் நின்று பிரேக்கைப் பிடித்துக்கொண்டு புறப்பாட்டை உரக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் பயிற்றுநர் இருந்தால் அவரே கேட்பார்.

"தம்பி, எந்த உயரத்துல திரும்புவ?"

"500 அண்ணே. வலப்பக்கம் 080."

"இன்ஜின் 300 அடியில நின்னா?"

இந்தக் கடைசிக் கேள்விக்கு உடனே பதில் வரவில்லை என்றால் கிளம்பக் கூடாது. மேகம் 300 அடியில் இருக்கும் நாளில் இன்ஜின் நின்றால் தரை தெரிவதற்கும் தொடுவதற்கும் இடையில் சில விநாடிதான். அமெரிக்காவில் தனியார் விமானிக்குப் புறப்படுவதற்கென்று குறைந்தபட்சப் பார்வைத்தூரம் சட்டத்தில் இல்லை. சட்டம் விடுகிறது என்பதற்காக நாமும் விட்டுவிட வேண்டியதில்லை. புதியவருக்கு என் அளவுகோல்: கிளம்பும் நிலையத்துக்கே உடனே திரும்பித் தரையிறங்க முடியாத மேகத்தில் கிளம்ப வேண்டாம்.

ஓடத் தொடங்கிய பிறகு

விமானம் வேகம் எடுக்கும்போது உள்காது அதை மூக்கு மேலே தூக்குவதாகப் புரிந்துகொள்ளும். வெளியே பார்க்க எதுவும் இல்லையென்றால் கை தானாக மூக்கை அழுத்தும், அதுவும் தரைக்கு மிக அருகில். சிமுலேட்டர் எத்தனை மணி நேரம் ஆடினாலும் கற்றுத்தர முடியாத ஒன்று இதுதான். நாற்காலி அசையாது, காது ஏமாறாது. ஆகவே தரை விட்டதும் கண் உள்ளே வர வேண்டும்: அடிவானத்தில் ஏற்றத்துக்கான கோணம், வேகம், உயரம் ஏறுகிறது. மேகத்துக்குள் நுழைந்த பிறகு உள்ளே பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். நுழைவதற்கு 200 அடிக்கு முன்பே கருவிகளில் உட்கார்ந்துவிட வேண்டும்.

திருப்பத்தில் சாய்வு 15 முதல் 20 பாகை போதும். திரும்பிக்கொண்டிருக்கும்போது தலையைக் குனிந்து அலைவரிசை மாற்றுவது, கீழே விழுந்த பேனாவைத் தேடுவது இரண்டும் கூடவே கூடாது. உள்காதின் திரவம் ஒரு பக்கம் சுழன்றுகொண்டிருக்கும்போது தலையை இன்னொரு பக்கம் ஆட்டினால் உலகமே உருளுவதுபோல் இருக்கும். பேனா போகட்டும். இன்னொன்றைச் சட்டைப்பையில் வைத்திருங்கள்.

"டிபார்ச்சரைத் தொடர்புகொள்ளுங்கள்" என்று டவர் சொல்வது (டிபார்ச்சர் என்பது அடுத்து நம்மைப் பார்த்துக்கொள்ளும் கட்டுப்பாட்டாளர்) பெரும்பாலும் திருப்பத்தின் நடுவில்தான் வரும். மூன்று விநாடி தாமதித்தால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. முதலில் விமானம் சமநிலையில் இருக்கட்டும். பிறகு பேசும்போது அழைப்புப்பெயர், புறப்பாட்டின் பெயர், இப்போது கடக்கும் உயரம், போகவேண்டிய உயரம். கடக்கும் உயரத்தைச் சொல்லத் தவறாதீர்கள். ரேடாரில் தெரியும் எண்ணும் நீங்கள் சொல்வதும் ஒத்துப்போகிறதா என்று அவர்கள் சரிபார்ப்பது அதை வைத்துத்தான்.

ஆட்டோபைலட் உள்ள விமானம் என்றால் இன்னொரு வகைச் சிக்கல். எந்த உயரத்துக்கு மேல் அதைப் போடலாம் என்று கையேட்டில் இருக்கும். சிறு விமானங்களில் அது 800 அடி வரைகூடப் போகும். போட்ட பிறகு கையை எடுத்துவிட்டு நிம்மதியாகச் சாயாதீர்கள். மேலே எரியும் எழுத்துகளைப் படியுங்கள். ஹெடிங் முறையில் இருக்கிறதா, வழிக்கோட்டைப் பின்பற்றும் நேவ் முறையில் இருக்கிறதா? நேவ் ஆயத்தமாகத்தான் இருக்கிறதா, பிடித்துவிட்டதா? போக வேண்டிய திசையைக் குறிக்கும் ஹெடிங் பக் எங்கே நிற்கிறது? ஓடுபாதைத் திசையில் வைக்காத பக்கோடு ஹெடிங் முறையை அழுத்தினால் விமானம் நேற்றுப் பறந்தவர் விட்டுப்போன திசைக்குத் திரும்பும். ஏறும்போது செங்குத்து வேக முறை இன்னும் ஆபத்து. நிமிடத்துக்கு 700 அடி என்று சொல்லிவிட்டால், இன்ஜினால் முடியாதபோதும் அது மூக்கைத் தூக்கித் தூக்கி வேகத்தைத் தின்றுவிடும். வேகத்தைப் பிடித்து ஏறும் முறை இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் 500க்கு மேல் கேட்காதீர்கள், வேகமானியை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள்.

நடுவில் கட்டுப்பாட்டாளர் வழியை மாற்றுவார். "ஹெடிங் 100" என்றால் புறப்பாட்டுக் கோட்டை விட்டுவிட்டோம், பக்கைத் திருகி ஹெடிங் முறை. நேராக ஒரு புள்ளிக்குப் போகச் சொன்னால், எம்எஸ்ஏக்குக் கீழே இருக்கிறோமா என்று ஒரு பார்வை. கீழே இருந்து, ரேடாரில் வழிநடத்துகிறார்களா என்பதும் தெளிவாக இல்லையென்றால் கேட்டுவிடுங்கள். பழைய உயரக் கட்டுப்பாடு இன்னும் உண்டா என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான். அலைவரிசையில் முட்டாளாகத் தெரிவோமோ என்ற பயம் நம்மவர்களுக்குக் கொஞ்சம் அதிகம். ஆங்கிலம் தடுமாறினாலும் "சொன்னதைத் திரும்பச் சொல்லுங்கள்" என்பதற்கு யாரும் சிரிப்பதில்லை.

வானிலை பற்றி ஒரு பத்தி

தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் சுமத்ராவிலிருந்து வரும் சூறைக்காற்று வரிசை விடியலுக்கு முன்பிருந்து நண்பகல் வரை நம்மைக் கடக்கும். ஏப்ரல், மே மாதங்களிலும் நவம்பர் வாக்கிலும் பிற்பகல் இடிமழை. ஐஎஃப்ஆர் ரேட்டிங் என்பது அடுக்கு மேகத்துக்குள் போக அனுமதி. இடிமேகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. புறப்பாட்டு வழியில் 15 மைலுக்குள் ரேடாரில் சிவப்பு தெரிந்தால் காப்பிக்கடையில் உட்காருங்கள். சுமத்ரா வரிசை ஓரிரண்டு மணி நேரத்தில் போய்விடும்.

வீட்டில் பழகுவது

சிமுலேட்டரில் சாங்கியின் எஸ்ஐடியை செஸ்னாவில் ஓட்டிப் பார்ப்பது பொழுதுபோக்குக்குச் சரி. அவை ஜெட் விமானங்களின் வேகத்துக்கும் ஏற்றத்துக்கும் வரைந்தவை. பயிற்சிக்கு, நீங்கள் நிஜமாகப் போகப்போகும் நிலையத்தின் வரைபடத்தையே எடுங்கள். மேகத்தளத்தை 400 அடியில் வையுங்கள். வீட்டில் யாரையாவது கட்டுப்பாட்டாளராக உட்காரவைத்து, கிளியரன்ஸை ஒரே மூச்சில் வேகமாகப் படிக்கச் சொல்லுங்கள். அவர் வேண்டுமென்றே ஒரு எண்ணை மாற்ற வேண்டும், எதை என்று உங்களுக்குத் தெரியக் கூடாது. பிறகு ஓடுபாதை முனையில் நிற்கும்போது ஓடுபாதையையே மாற்றச் சொல்லுங்கள்.

சிமுலேட்டர் இல்லாவிட்டாலும் குறையில்லை. சாப்பாட்டு மேசையில் கருவிப்பலகையின் அச்சுப்படம் ஒன்று, கையில் ஒரு நிறுத்துகடிகாரம். கடிகாரத்தை ஓடவிட்டு "தரை விட்டது" என்று ஆரம்பித்து, 500 அடி வரை செய்ய வேண்டியதைத் தொட்டுக்காட்டிச் சொல்லிக்கொண்டே போங்கள். 43 விநாடிக்குள் முடியவில்லை என்றால் வானத்திலும் முடியாது. எந்த இரண்டு வேலைகளைத் தரையிலேயே முடித்துவிட்டு ஏறலாம் என்று பட்டியலைத் திரும்பப் பாருங்கள். பெரும்பாலும் அது அடுத்த அலைவரிசையைக் காத்திருப்பு இடத்தில் போட்டு வைப்பதும், ஹெடிங் பக்கை ஓடுபாதைத் திசையில் நிறுத்துவதுமாக இருக்கும்.